யூபிஎஸ் எந்தப் பாஷையில் கதைக்குது?

2022 மார்ச் 31 ஆம் திகதி இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு. அந்த வருசம் கையில் கொஞ்சம் காசு இருந்தவர்கள் கொம்பியூட்டருக்கு ஒரு யூபிஎஸ் வாங்கிப் போட்டார்கள். பெட்டியைத் திறந்தால் பாரமான கறுப்புச் சாமான் ஒன்று, யூஎஸ்பி வயர் ஒன்று, சீடி ஒன்று. கறுப்புச் சாமானைப் பிளக்கில் குத்தி, கொம்பியூட்டரை அதில் குத்தி, வேலை முடிஞ்சுது எண்டு வயரையும் சீடியையும் லாச்சிக்குள் போட்டவர்கள்தான் கனபேர். லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு அந்தச் சீடியால் பெரும்பாலும் பிரயோசனமும் இல்லை.

இந்தக் கட்டுரை லாச்சிக்குள் போன அந்த வயரைப் பற்றியது.

அது இல்லாட்டில் என்ன நடக்கும்? கரண்ட் நிண்டதும் யூபிஎஸ் கீச்சிடும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் செய்த வேலையைச் சேமித்துவிட்டுக் கொம்பியூட்டரை நிப்பாட்டலாம். கடைக்குப் போயிருந்தாலோ, நித்திரை என்றாலோ, பத்துப் பதினைந்து நிமிசத்தில் பற்றரி வத்தி, கொம்பியூட்டர் யூபிஎஸ் இல்லாத நாளில் சாகிற மாதிரியே சடாரென்று சாகும். கொடுத்த காசுக்குக் கிடைத்தது கொஞ்சத் தவணை, அவ்வளவுதான். "கரண்ட் இல்லை, என்னிட்ட இன்னும் இவ்வளவுதான் மிச்சம்" என்று கறுப்புப் பெட்டி கொம்பியூட்டருக்குச் சொல்ல வேண்டும். கேட்ட கொம்பியூட்டர் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுத் தன்பாட்டில் நிற்க வேண்டும். அதுக்குத்தான் வயர்.

அந்த வயருக்குள்ளால் போகிற பாஷை யாருடையது, அதை யார் யார் படிக்கலாம் என்பதில் முப்பது வருசமாக ஒரு இழுபறி நடக்குது. இன்றைக்கு லினக்ஸில் யூபிஎஸ் மென்பொருளை இன்ஸ்டோல் பண்ணும்போது வருகிற எரிச்சலூட்டும் பிழைச்செய்திகளில் கனக்க, அந்த இழுபறியின் ஏதோவொரு கட்டத்தில் இருந்து மிஞ்சி வந்தவை.

ஒரு கம்பி, ஒரே ஒரு செய்தி

லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியில் விட்டது 1991 இல். (அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை. 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு ஜாம் போத்தல் விளக்கிலும், சைக்கிள் டைனமோவைச் சுத்திக் கேட்ட றேடியோவிலும் சனம் காலம் தள்ளினது. யூபிஎஸ் என்ற சாமானுக்கே அங்கு அர்த்தம் இருக்கவில்லை. வராத கரண்ட் எப்படி நிற்கும்?) லினக்ஸின் தொடக்க காலத்தில் எல்லாரும் பாவித்த கோப்புமுறை எக்ஸ்ட்2, 1993 இல் வந்தது. அது வேகமானது, ஆனால் தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று குறிப்பு எழுதி வைக்காது. இடையில் கரண்ட் நிண்டால், அடுத்த முறை கொம்பியூட்டர் எழும்பும்போது முழு ஹார்ட் டிஸ்க்கையும் முதலில் இருந்து கடைசி வரை சரிபார்க்க வேண்டும். டிஸ்க் பெரிதென்றால் அது நீண்ட நேரம் பிடிக்கிற வேலை. சொந்தக்காரர் தெரியாத துண்டுகள் எல்லாம் பெயருக்குப் பதிலாக இலக்கங்களோடு ஒரு தனி அடைவுக்குள் போய்க் கிடக்கும். குறிப்பெழுதுகிற எக்ஸ்ட்3 லினக்ஸ் கேர்னலுக்குள் வந்தது 2001 கடைசியில்தான். ஆக, முதல் பத்து வருசமும் கரண்ட் நிற்பது லினக்ஸ்காரர்களுக்குச் சாதாரண தலையிடி இல்லை.

அந்தக் காலத்து யூபிஎஸ்களுக்குப் பின்னால் ஒரு சீரியல் போர்ட் இருக்கும். ஒன்பது ஊசி. மலிவான வகைகளில் அதனூடாக எழுத்தோ சொல்லோ போவதில்லை. ஒரு ஊசியில் மின்னழுத்தம் மாறினால் கரண்ட் நிண்டுட்டுது. இன்னொன்றில் மாறினால் பற்றரி முடியப் போகுது. யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. எத்தனை நிமிசம் மிச்சம், எத்தனை வோல்ற் என்றெல்லாம் கேட்க வழியில்லை.

லினக்ஸ் பக்கத்தில் இதைக் கேட்பதற்கான காது, பழைய சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் இருந்து வந்தது. கரண்ட் நிண்டதை இனிட் என்ற முதல் புரோகிராமுக்கு அறிவிப்பதற்கென்றே ஒரு சைகை ஒதுக்கப்பட்டிருந்தது. லினக்ஸுக்கான இனிட்டை எழுதிய ஒல்லாந்துக்காரர் மிக்கேல் வான் ஸ்மூரன்பர்க், அதோடு பவர்டி என்ற ஒரு சின்ன புரோகிராமையும் சேர்த்துக் கொடுத்தார். சீரியல் போர்ட்டின் ஒரு ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பது அதன் வேலை. மாறினால் ஒரு கோப்பில் ஓரெழுத்தை எழுதி, இனிட்டைத் தட்டி எழுப்பும். இனிட் அந்த எழுத்தை வாசித்துவிட்டு, இரண்டு நிமிசத்தில் நிற்கப் போகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லும். அவ்வளவு எளிமையான ஏற்பாடு. பிறகு டொம் வெப்ஸ்டர் என்பவர் இதை விரித்து ஜென்பவர் என்று ஒன்றைச் செய்தார்.

உண்மையான கஷ்டம் வயரில்தான் இருந்தது. எந்த ஊசி என்ன சொல்லும் என்பதில் ஒரு கொம்பனிக்கும் மற்றக் கொம்பனிக்கும் ஒற்றுமை இல்லை. ஹார்வி ஸ்டைன் எழுதிய லினக்ஸ் யூபிஎஸ் கையேட்டை இன்று எடுத்துப் பார்த்தால், அரைவாசி மென்பொருளைப் பற்றி, மற்ற அரைவாசி எந்த ஊசிக்கு எந்த வயரைப் பற்ற வைப்பது என்பதைப் பற்றி. இன்ஸ்டோல் பண்ண ஈயப்பற்றுக்கோல் தேவைப்பட்ட காலம் அது. கடையில் வாங்குகிற சாதாரண சீரியல் கேபிளைக் கொழுவினால் சில ஏபிசி யூபிஎஸ்கள் உடனே நிண்டுவிடும். ஏனென்றால் மற்ற சாமான்களில் வேறு வேலை பார்க்கிற ஊசி இதில் "அணை" என்ற கட்டளை. கரண்ட் போகாமல் காப்பாற்ற வாங்கினது, வயரைக் கொழுவின உடனேயே கரண்டை வெட்டுது. சாமான் பழுது எண்டு நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

ஒட்டுக்கேட்டுப் படித்த பாஷை

ஏபிசி என்பது அமெரிக்கன் பவர் கன்வேர்ஷன். 1981 இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வுகூடத்தில் இருந்து வந்த மூன்று பொறியியலாளர்கள் சூரிய மின்சக்திக்காகத் தொடங்கிய கொம்பனி. பிறகு யூபிஎஸ் பக்கம் திரும்பி அந்தச் சந்தையின் பெரிய கை ஆனது. அவர்களுடைய விலை கூடிய ஸ்மார்ட் வகைகள் உண்மையிலேயே கதைக்கும். கதைக்கிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு சின்னப் பாஷை. விநாடிக்கு 2400 பிட் வேகத்தில் வை என்ற ஒரேயொரு ஆங்கில எழுத்தை அனுப்பினால் எஸ்எம் என்று பதில் வரும். இனிக் கதைக்கலாம் என்று அர்த்தம். எல் என்று அனுப்பினால் சுவர்க் கரண்டின் வோல்ற். பி என்றால் பற்றரியின் வோல்ற். கேட்காமலே அது கத்துகிற சத்தங்களும் உண்டு: கரண்ட் நிண்டால் ஒரு ஆச்சரியக்குறி, வந்தால் ஒரு டொலர் குறி, பற்றரி முடியப் போனால் ஒரு சதவீதக் குறி.

இந்த அகராதியைக் கொம்பனி லினக்ஸ்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. பவர்சூட் என்ற தங்கள் மென்பொருளை வாங்கினால் அது கதைக்கும், நீங்கள் கதைக்கத் தேவையில்லை என்பது ஏற்பாடு. 1995 தொடங்கி பாவெல் கொரென்ஸ்கி என்பவரும் பிறகு ஆந்த்ரே ஹெட்ரிக்கும் யூபிஎஸ் சொல்கிற பதில்களை ஆராய்ந்து, எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஊர் தெரியாத ஒருத்தன் சந்தையில் நிண்டு பாஷை பிடிக்கிற மாதிரித்தான். இந்த ஹெட்ரிக் லினக்ஸின் ஹார்ட் டிஸ்க் டிரைவர்களைக் கவனித்தவர் என்று பின்னாளில் பெயர் பெற்றவர், 2012 இல் காலமானார். அவர்களுடைய வேலையில் இருந்து வந்தது ஏபிசியூபிஎஸ்டி என்ற மென்பொருள். அதைப் பிறகு வளர்த்தவர்களில் ஒருவரான கேர்ன் சிபால்ட், பக்யூலா என்ற பெரிய பக்கப் மென்பொருளையும் எழுதினார். ஹார்ட் டிஸ்க், பக்கப், யூபிஎஸ் மூன்றையும் ஒரே ஆட்கள் தொட்டது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. மூன்றுமே "எழுதினது அழியக்கூடாது" என்ற ஒரே கவலையில் இருந்து வருகிற வேலை.

அதே காலத்தில் ரசல் க்ரோல் என்பவர் இன்னொரு வழியால் வந்தார். இவருடைய கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1996 இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பாடசாலைக் கொம்பியூட்டரில் பவர்சூட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கொம்பியூட்டருக்கு ஏற்ற பதிப்புக்கூட இல்லை. வேறொரு யூனிக்ஸுக்குச் செய்ததை வேசம் போட்டு ஓட வைத்திருந்தார்கள். பவர்சூட் தன் நாட்குறிப்பில் எழுதுவதை இவருடைய சின்ன புரோகிராம் ஒன்று நேரத்துக்கு நேரம் எடுத்து, பொதுவில் எவரும் பார்க்கக்கூடிய ஒரு கோப்பில் போடும். இணையத்தில் எங்கிருந்தாலும் ஃபிங்கர் என்ற கட்டளையைக் கொடுத்தால், அந்தப் பாடசாலையின் சுவரில் இப்போது எத்தனை வோல்ற் வருகிறது என்று வாசிக்கலாம். பிரயோசனமில்லாத விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் அதற்குள் ஒரு யோசனை இருந்தது: யூபிஎஸ் சொல்வதை அதோடு வயரால் இணைந்த கொம்பியூட்டர் மட்டுமல்ல, வலையமைப்பில் இருக்கிற எவரும் கேட்கலாம்.

பவர்சூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அவரே எழுதின முதல் பொதுப் பதிப்பு 1998 இல் ஸ்மார்ட் யூபிஎஸ் டூல்ஸ் என்ற பெயரில் வந்தது. மற்றக் கொம்பனிகளின் பெட்டிகளையும் சேர்க்கச் சேர்க்க அந்தப் பெயர் பொருந்தாமல் போய், நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ் ஆனது. சுருக்கமாக நட். இன்று பல நிறுவனங்கள் விற்கிற வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளுக்குள்ளும் வெளியில் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

நட் இன்ஸ்டோல் பண்ணுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம், அதன் மூன்று அடுக்கு. ஒரு டிரைவர், ஒரு சேர்வர், ஒரு காவல்காரன். டிரைவர் பெட்டியின் பாஷையைப் பொதுப் பாஷைக்கு மாற்றும். சேர்வர் அதை 3493 ஆம் இலக்க வாசலில் நிண்டு கேட்கிறவர்களுக்குச் சொல்லும். காவல்காரன் கேட்டுக்கொண்டே இருந்து, நேரம் வரும்போது கொம்பியூட்டரை நிப்பாட்டும். காவல்காரன் சேர்வரிடம் கேட்கவே ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். ஒரு கொம்பியூட்டர், ஒரு யூபிஎஸ், ஒரு மேசை என்று இருக்கிற ஆளுக்கு, "என்ர கொம்பியூட்டர் தன்னோட கதைக்க ஏன் பாஸ்வேர்ட்?" என்று கோபம் வரும். நியாயமான கோபம். இது ஒரு பெரிய யூபிஎஸ்ஸில் பத்துச் சேர்வர்கள் தொங்குகிற அறைக்காகப் போட்ட திட்டம். வயர் ஒன்றில்தான் கொழுவலாம். மற்ற ஒன்பதுக்கும் செய்தி வலையமைப்பால் போக வேண்டும். அந்த ஒன்பதும் நிண்ட பிறகுதான் வயர் இருக்கிற முதலாவது நிற்க வேண்டும். வீட்டு மேசைக்கும் அதே சட்டைதான், அளவு கொஞ்சம் பெரிசு.

அந்தக் காலத்து ஆட்கள் யோசித்து வைத்த இன்னொரு விசயம், இப்போது புதிதாகப் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது. கரண்ட் நிண்டுது, பற்றரி குறைஞ்சுது, கொம்பியூட்டர் ஒழுங்காக நிற்கத் தொடங்கிவிட்டது. அந்த ஒரு நிமிசத்துக்குள் கரண்ட் திரும்பி வந்தால்? யூபிஎஸ்ஸைப் பொறுத்தவரை கரண்ட் ஒருபோதும் அறவில்லை. கொம்பியூட்டரைப் பொறுத்தவரை தான் நிண்டாச்சு. எழுப்ப யாரும் இல்லை. ஆள் போகாத அறையில் சேர்வர் என்றால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். இதுக்கான பதில் கொஞ்சம் முரட்டுத்தனமானது. கோப்புகள் எல்லாம் மூடின பிறகு, கடைசி மூச்சில், கொம்பியூட்டர் யூபிஎஸ்ஸைப் பார்த்து "இப்ப என்ர கரண்டை வெட்டு" என்று சொல்லும். அதற்கு அடையாளமாக ஒரு கோப்பு வைக்கப்படும், அதன் பெயரே கில்பவர். யூபிஎஸ் உண்மையாகவே வெட்டும். கரண்ட் திரும்ப வந்ததும் மறுபடி கொடுக்கும். பயோஸில் "கரண்ட் வந்தால் தானாக எழும்பு" என்று போட்டிருந்தால் கொம்பியூட்டரும் எழும்பும்.

கீபோர்ட் வேசத்தில் வந்த யூபிஎஸ்

1997 இல் யூஎஸ்பி உலகத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. யூபிஎஸ், பற்றரி மாதிரியான சாமான்கள் எப்படிக் கதைக்க வேண்டும் என்று பொதுவான இலக்கணம் ஒன்று எழுதப்பட்டது. இன்ன இலக்கம் என்றால் மின்னழுத்தம், இன்ன இலக்கம் என்றால் மிச்ச நேரம். ஒழுங்காகப் பின்பற்றினால் ஒரே டிரைவர் எல்லாப் பெட்டியோடும் கதைக்கலாம். ஒட்டுக்கேட்கத் தேவையில்லை. நட்டில் யூஎஸ்பிக்கான முக்கிய டிரைவர் இந்த இலக்கணத்தைத்தான் பேசுது.

ஆனால் அந்த இலக்கணத்தை எழுதினவர்கள் அதை ஏற்கெனவே இருந்த ஒரு வகுப்புக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்: மனிதர் தொடுகிற சாதனங்களின் வகுப்பு. கீபோர்ட், மவுஸ், விளையாட்டுக் கைபிடி எல்லாம் இருக்கிற வகுப்பு. ஆகவே யூபிஎஸ் வயரைக் கொழுவினதும் லினக்ஸ் கேர்னல் "ஓ, கீபோர்ட் மாதிரி ஏதோ வந்திருக்கு" என்று அதைத் தன் கைக்குள் எடுத்துவிடும். நட்டின் டிரைவர் வந்து கேர்னலின் கையில் இருந்து அதைப் பறிக்க வேண்டும். பறிக்க உரிமை வேண்டும். இங்கேதான் இன்றைக்கும் ஆட்கள் அதிகமாக மாட்டுப்படுகிறார்கள்.

நட் சர்வ அதிகாரமுள்ள ரூட்டாக ஓடுவதில்லை. வலையமைப்பில் வாசல் திறந்து வைத்திருக்கிற ஒன்றுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்தால் பிழை வந்தால் முழு வீடும் போகும் என்று, தனக்கென்று ஒரு சாதாரண பயனரை வைத்து ஓடும். லினக்ஸில் யூஎஸ்பி சாமானைக் கொழுவினால் அதற்கான வாசல் ரூட்டின் பெயரில் உருவாகும். "இந்த யூபிஎஸ் வந்தால் வாசலை நட்டுக்கும் திறந்துவிடு" என்று சொல்லுகிற விதிக்கோப்பு ஒன்றை, யூடெவ் என்ற காவலாளிக்கு, நட் இன்ஸ்டோல் ஆகும்போது கொடுத்துவிடும். சரி, எல்லாம் ஒழுங்கு. ஆனால் யூடெவ் விதியைப் பார்ப்பது சாமான் வரும் நேரத்தில். நீங்கள் வயரைக் கொழுவிவிட்டு அதுக்குப் பிறகு நட்டை இன்ஸ்டோல் பண்ணினால், விதி வந்து சேரும் முன்னமே யூபிஎஸ் உள்ளே வந்துவிட்டது. வாசல் ரூட்டின் பெயரிலேயே நிற்கும். டிரைவர் "எதையும் திறக்க அனுமதி போதாது" என்ற தொனியில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகும். வயரைக் கழட்டித் திரும்பக் கொழுவினால் வேலை செய்யும். மந்திரம் மாதிரித் தெரிகிற இந்த வைத்தியத்துக்குப் பின்னால் இருக்கிற காரணம் இதுதான். ரூட்டாக ஓடவிட்டு விசயத்தை முடிக்கச் சொல்லி ஆலோசனை தருகிறவர்கள் உண்டு. முடியும், ஆனால் அந்தப் பாதுகாப்பை ஏன் போட்டார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு அதில் விருப்பமில்லை.

அதுக்கு முன்னமே இன்னொரு சின்னப் பொறி இருக்கு. டெபியனிலும் உபுண்டுவிலும் இன்ஸ்டோல் முடிந்ததும் நட் ஒன்றுமே செய்யாது. பிழையும் சொல்லாது. அதன் முதல் அமைப்புக் கோப்பில் மோட் என்ற வரி "நன்", அதாவது ஒன்றுமில்லை, என்று இருக்கும். உங்கட கொம்பியூட்டரில் வயர் இருக்கா, வேறு கொம்பியூட்டரிடம் கேட்கப் போறீங்களா என்று தெரியாமல் ஓடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே மேசை என்றால் அதை ஸ்டான்ட்அலோன் என்று மாற்ற வேண்டும். ஒரு வரிக்காக ஒரு பின்னேரத்தையே தொலைக்கலாம்.

எங்கட கடைகளில் விற்கிற பெட்டி

இதுவரை சொன்னது இலக்கணம் பேசுகிற, விலை கூடின பெட்டிகளின் கதை. இலங்கையிலும் இந்தியாவிலும் சாதாரண கடைகளில் மலிவாகக் கிடைக்கிற யூபிஎஸ்களில் பல வேறு பரம்பரை. ஒட்டியிருக்கிற பெயர் எதுவானாலும், உள்ளுக்கு இருப்பது தாய்வானின் மெகாடெக் என்ற கொம்பனி 1990களில் எழுதின சின்ன உரையாடல். கியூ1 என்று கேட்டால் ஒரே வரியில் பதில்: அடைப்புக்குறி ஒன்று, பிறகு உள்ளே வருகிற வோல்ற், வெளியே போகிற வோல்ற், எத்தனை வீதம் சுமை, 50 க்குக் கிட்டவான அலைவெண், பற்றரி வோல்ற், வெப்பநிலை, கடைசியில் எட்டு பூச்சியமும் ஒன்றும். அந்த எட்டில் முதலாவது ஒன்றானால் கரண்ட் இல்லை. இரண்டாவதும் ஒன்றானால் பற்றரி முடியப் போகுது. அகராதியே ஒரு பக்கம்தான். மறைக்கவும் இல்லை. அதனால்தான் ஊரில் உள்ள எல்லாரும் அதைப் பிரதி பண்ணினார்கள்.

சிக்கல் யூஎஸ்பி வந்தபோது தொடங்கினது. சீரியல் போர்ட்டுக்கு எழுதின பாஷையை யூஎஸ்பிக்குள் தள்ள ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மலிவு வழி பிடித்தார்கள். யூஎஸ்பி சாமான் செய்கிறவர் தனக்கென்று ஒரு இலக்கம் வாங்க வேண்டும்; அதற்குப் பல ஆயிரம் டொலர் கட்ட வேண்டும். சிலர் கட்டவில்லை. 0001:0000 என்று தாங்களே ஒரு இலக்கத்தைப் போட்டுக்கொண்டார்கள். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், அந்த இலக்கத்துக்கு நேரே பட்டியலில் இருக்கிற பெயர் வரும்: ஃப்ரைஸ் எலக்ட்ரோனிக்ஸ். அது கலிபோர்னியாவில் தொடங்கின ஒரு கடைச் சங்கிலி, 2021 இல் மூடியே போய்விட்டது. உங்கட மேசைக்குக் கீழே இருக்கிற பெட்டிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "என்ர கொம்பியூட்டரில் ஏன் அமெரிக்கக் கடை?" என்று பயப்படத் தேவையில்லை, அதுதான் உங்கட யூபிஎஸ்.

இந்த வகைகள் கதைக்கிற விதம் இன்னும் விசித்திரம். ஒவ்வொரு யூஎஸ்பி சாமானிலும் பெயர், செய்தவர் என்று இலக்கமிட்ட சில சொற்கள் இருக்கும், கேட்டால் சொல்லும். இதில் மூன்றாம் இலக்கச் சொல்லைக் கேட்டால், கியூ1 க்கான பதில் வரும். உன்ர விபரம் என்ன என்று கேட்டால், "வோல்ற் 230, பற்றரி 13.6" என்று சொல்கிற ஆள் மாதிரி. அதோடு, சொல்லைக் கேட்கும்போது எந்த மொழியில் வேண்டும் என்றும் குறிப்பிட வேண்டும். இந்தப் பெட்டிகளில் சில, தங்களுக்குத் தெரிந்த மொழியின் இலக்கத்தையே பிழையாகச் சொல்லும். அதைத் திருத்துவதற்கென்று நட்டில் லாங்ஐடி ஃபிக்ஸ் என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள்; பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்துக்கான 0409 ஐப் போட்டால் வாய் திறக்கும். யாரோ ஒரு ஆள் எங்கேயோ ஒரு இரவு முழுக்கக் குந்தியிருந்து கண்டுபிடித்தால் ஒழிய இது எப்படித் தெரிய வரும்?

இந்தக் குடும்பம் முழுவதுக்குமாக இப்போது நட்டில் இருக்கிற டிரைவரின் பெயர் கியூஎக்ஸ். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் பிளேசர், மெகாடெக் என்ற பழைய பெயர்களைக் காணலாம். அதேபோல முதன்மைக் கொம்பியூட்டருக்கும் மற்றவைக்கும் பாவித்த எஜமான், அடிமை என்ற சொற்களும் 2.8.0 பதிப்போடு மாறிவிட்டன. பழைய குறிப்பு பிழை என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சொற்களைப் போட்டாலும் புதுப் பதிப்பு விளங்கிக்கொள்ளும்.

கதவு திறந்தவர்களும் பூட்டினவர்களும்

எல்லாக் கொம்பனியும் ஒரே மாதிரி இல்லை. பிரான்சின் எம்ஜிஇ தன்னுடைய பாஷைகளின் விபரத்தை வெளியில் கொடுத்தது. அங்கு வேலை செய்த ஆர்னோ கெட் 2005 இல் ரசல் க்ரோலிடம் இருந்து நட்டின் பொறுப்பை எடுத்தார். 2007 இல் எம்ஜிஇயின் சின்ன யூபிஎஸ் பகுதி ஈட்டனின் கைக்குப் போனபோது அவரும் போனார். ஈட்டனும் சில வருசம் தோள் கொடுத்தது. அதே 2007 இல் ஏபிசி ஷ்னைடரின் கைக்குப் போனது.

பிறகு ஏபிசி தன் பழைய ஓரெழுத்துப் பாஷையை விட்டுவிட்டு, புது ஸ்மார்ட் வகைகளில் மைக்ரோலிங்க் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் விபரம் வெளியில் தருவதாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1995 இல் தொடங்கி எழுத்து எழுத்தாகப் படித்த பாஷை, புதுப் பெட்டிகளில் செல்லாக்காசு. நல்லகாலம், பிறகு மொட்பஸ் என்ற பொதுவான முறையில் கதைக்கவும் வழி விட்டார்கள். 2014 இல் ஏபிசியூபிஎஸ்டி அதைப் படித்துக்கொண்டது. ஆனால் சில பெட்டிகளில் முன்னால் இருக்கிற சின்னத் திரையில் மெனுவுக்குள் போய் மொட்பஸை இயக்கிவிட வேண்டும். அது தெரியாமல் மென்பொருளை நாலுதரம் அழித்து இன்ஸ்டோல் பண்ணினாலும் பெட்டி வாய் திறக்காது.

கொம்பனி தருகிற மென்பொருளையே பாவித்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். 2005 யூலையில் பவர்சூட்டின் ஒரு பதிப்புக்குள் இருந்த ஜாவாச் சான்றிதழ் காலாவதியானது. அன்றில் இருந்து அதைப் போட்டிருந்த விண்டோஸ் சேர்வர்கள் எழும்பவே நீண்ட நேரம் எடுத்துத் திணறின. கரண்ட் இருந்தது, பற்றரி இருந்தது, சேர்வரைக் கட்டிப்போட்டது காவலுக்கு வைத்த மென்பொருள். மூடின மென்பொருளில் இப்படி நடந்தால் கொம்பனி திருத்தித் தரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

திறந்த பக்கத்திலும் எல்லாம் தேன் இல்லை. நட் 2.7.4 வந்தது 2016 மார்ச்சில். அடுத்த 2.8.0 வந்தது 2022 ஏப்ரலில். இடையில் ஆறு வருசம். சம்பளமில்லாமல் செய்கிற வேலையில் ஆட்களுக்கு நேரமில்லாமல் போவது புதுமையில்லை. திருத்தங்கள் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. ஆனால் டெபியனும் உபுண்டுவும் கொடுத்தது பழைய பதிப்பை. அந்த இடைவெளியில் வந்த பல பெட்டிகளுக்கு, திருத்தம் எழுதியாச்சு, ஆனால் உங்கட கொம்பியூட்டருக்கு வந்து சேரவில்லை. இப்போதும் பழைய லினக்ஸ் பதிப்பில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது நட்டின் பதிப்பு இலக்கத்தைத்தான்.

மின்வெட்டுக்கு ஏற்ற அமைப்பு

நட்டின் இயல்பான அமைப்பு எப்போதாவது கரண்ட் நிற்கிற நாடுகளை மனதில் வைத்தது. கரண்ட் இல்லை, பற்றரியும் குறைவு என்று யூபிஎஸ் சொன்ன பிறகுதான் நிப்பாட்டத் தொடங்கும். எங்கட நிலைமையில் அது காணாது. மலிவுப் பெட்டிகளில் கியூ1 பதிலில் பற்றரி எத்தனை வீதம் என்று இல்லை, வோல்ற் மட்டும்தான். வீதத்தை டிரைவர் ஊகிக்குது. ஈயப் பற்றரி பழசானால் வோல்ற் கடைசி வரை நல்லவன் மாதிரி நிண்டுவிட்டுத் திடீரென்று விழும். "குறைவு" என்ற சொல் வருவதற்கும் எல்லாம் அணைவதற்கும் இடையில் சில விநாடிதான் இருக்கும். ஆகவே வீதத்தை நம்பாமல், கரண்ட் நிண்டு இரண்டு மூன்று நிமிசத்தில் நிப்பாட்டு என்று நேரக்கணக்கில் வைப்பது நல்லது. நட்டில் அதற்கு யூபிஎஸ்ஸ்கெட் என்ற துணை இருக்கு.

2022 இல் பாத்த இன்னொரு சங்கதி: ஒரே நாளில் இரண்டு மூன்று தரம் வெட்டு. வத்தின பற்றரி நிரம்பப் பல மணித்தியாலம் வேண்டும். கரண்ட் வந்த உடனே கொம்பியூட்டர் எழும்பி, அரைமணியில் கரண்ட் மறுபடி நிண்டால், ஒழுங்காக நிப்பாட்டவே பற்றரியில் சரக்கு இராது. நல்ல யூபிஎஸ்களிடம் "இத்தனை வீதம் நிரம்பும்வரை கரண்ட் கொடுக்காதே" என்று சொல்லி வைக்கலாம். மலிவானவற்றில் அந்த வசதி இல்லாவிட்டால், தானாக எழும்புவதைப் பயோஸில் நிப்பாட்டிவிட்டுக் கையால் எழுப்புவதுதான் பாதுகாப்பு.

அமைத்த பிறகு பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. முதலில் காவல்காரனுக்குக் கட்டாய நிறுத்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒழுங்காக மூடி, கடைசியில் யூபிஎஸ்ஸும் கரண்டை வெட்டுதா என்று. கட்டளை கொடுக்க முன் திறந்திருக்கிற வேலையை எல்லாம் சேமித்துவிடுங்கள்; அது உண்மையாகவே நிப்பாட்டும். அது சரிவந்தால் பிளக்குக்குப் போகலாம். "தரவு பழசு" என்ற எச்சரிக்கை இடைக்கிடை வந்தால், பதினைந்து விநாடியாக டிரைவரிடம் இருந்து புதுச் செய்தி வரவில்லை என்று அர்த்தம். டிரைவர் செத்துப்போயிருக்கலாம், இல்லாட்டி வயர் இளகியிருக்கலாம். மலிவு வயரையும் யூஎஸ்பி ஹப்பையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

உங்கட பெட்டி எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டால் செய்யக்கூடியது இதுதான். எல்எஸ்யூஎஸ்பி காட்டுகிற இலக்கத்தை எழுதி வையுங்கள். டிரைவரை விரிவாகக் கதைக்கிற நிலையில் ஓடவிட்டு அது சொல்வதைச் சேமியுங்கள். யூபிஎஸ்சி என்ற கட்டளை தருகிற முழுப் பதிலையும், பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கிற மொடல் பெயரோடு சேர்த்து நட் ஆட்களுக்கு அனுப்புங்கள். அப்படி உலகம் முழுக்க இருந்து வந்த பதில்களை அவர்கள் ஒரு நூலகமாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். கொழும்பிலோ கிளிநொச்சியிலோ அதே பெட்டியை வாங்கி, வயரை லாச்சிக்குள் போடாமல் கொழுவிப் பார்க்கிற அடுத்த ஆள், அந்த இலக்கத்தைத் தேடும்போது உங்கட பதில் அங்கே இருக்கும்.